டேங்குக்குள் தாஸ், வெளியே காற்று

பாதுகாப்பு அதிகாரி வேலை என்பது, நடக்காத விபத்தை நாள் முழுக்கக் கற்பனை செய்துகொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குவது. சின்ன வயசிலிருந்தே எனக்குப் பகல்கனவு ஜாஸ்தி. எண்ணூரில் எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்யும் யார்டில் இந்த வேலை கிடைத்தபோது, காலடிப்பேட்டை வீட்டில் எல்லோரும் பொருத்தம்தான் என்று சிரித்தார்கள். ஆனால் நான் கையெழுத்துப் போட்டால்தான் ஓர் ஆள் டேங்குக்குள் இறங்குவார். இறங்கியவர் உயிரோடு ஏறி வரவேண்டும். என்னைப் போல அபாய மதிப்பீட்டுப் படிவத்தோடு மாரடிக்கும் தோழர்களே, அந்தக் கையெழுத்து என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இல்லாத கிரேன்

சேர்ந்த புதிதில் நான் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதுவேன். ஜன்னலுக்கு வெளியே தூரத்துக் கப்பல்கள் பனிமூட்டத்தில் பாதி கரைந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அபாயத்துக்கும் எண் போட்டு, கூட்டிப் பெருக்கி, பச்சைப் பேனாவால் கட்டம் கட்டுவேன். நல்ல கையெழுத்து வேறு, பெருமைக்குக் கேட்கவா வேண்டும்.

ஒருநாள் ஃபோர்மேன் பிரான்சிஸ் அண்ணன் அந்தப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்துக்கொண்டார். “இன்னா மேடம், போன வருசமே வித்துட்ட கிரேனு யாரு மேல வந்து மோதப்போவுது?”

இரண்டு தட்டு

வெட்கம் தாங்காமல், அடுத்த வாரம் நானே ஒரு டேங்குக்குள் இறங்கிப் பார்த்தேன். கழுவிக் காயவைத்த டேங்க். இடுப்பில் கயிறு கட்டி அனுப்பியது தாஸ். ராயபுரத்துக்காரர், உள்ளே இறங்கிக் கசடு சுரண்டுவதில் கைதேர்ந்தவர். எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு: வெளியே நிற்பவர் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார், உள்ளே இருப்பவர் பதிலுக்கு இரண்டு தட்டவேண்டும்.

உள்ளே ஒரே குளுமை. தலைக்கு மேல் வட்டமாக ஒரு துண்டு வானம். இரும்பில் காதை வைத்தால் கடல் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. கடலா, ரோட்டில் போகும் டிரெய்லரா, தெரியவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். சட்டென்று இடுப்புக் கயிறு இழுபட்டு, ஏணியில் கால் இடறி, மேலே வந்து விழுந்தேன். தாஸ் முகம் வெளிறிப்போயிருந்தது. “பதில் தட்டு வரலேன்னா நாங்க ஆளு பூட்டாருன்னுதான் நெனப்போம் மேடம், கனா கண்டுகினு கீறாருன்னு நெனைக்க மாட்டோம்.”

பச்சைக் கட்டம்

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நேரில் பார்த்துத்தான் எழுதினேன். சில வாரம் கழித்து ஒருநாள் காலை எட்டு மணிக்கு டேங்க் வாயில் வாயு மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன், சுத்தம். உள்ளே காற்று அனுப்பும் புளோவர் மேற்கே, ஜெனரேட்டர் கிழக்கே. தரைக்காற்று ஜெனரேட்டர் புகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. படமே வரைந்து, பச்சைக் கட்டம் கட்டி, கையெழுத்துப் போட்டேன். தாஸ் இறங்கினார். மீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஜன்னல் வழியே முகத்தில் சில்லென்று காற்று பட்டது. ஆஹா, என்ன சுகம். கண்ணை மூடிக்கொண்டேன். கப்பல்கள் எனக்குள்ளேயே மிதந்து போவது போலிருந்தது. அப்போது யார்டு பெருக்கும் முனியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். “மேடம், காத்து திரும்பிக்கிச்சு. நான் பெருக்குற தூசியெல்லாம் என் மூஞ்சிக்கே வருது, அந்த ஜெனரேட்டர் பொகையும் புளோவர் பக்கமா போவுது பாரு.”

ஒரே ஒரு தட்டு

எழுந்து எட்டிப் பார்த்தேன். அந்தப் புகையைப் புளோவர் உறிஞ்சி நேராக தாஸ் மூக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். பிரான்சிஸ் அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. இரண்டாவது வரவில்லை. நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். வெளியே வந்த தாஸ் வாந்தி எடுத்தார், பிறகு நினைவு தப்பியது. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். காற்று மாறும் என்று படிவத்தில் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். வேலை நடக்கும்போது மீட்டர் மேஜையில் கிடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. “கடக்காத்து எப்போ திரும்பும்னு எனக்குத் தெரியாதா மேடம்? ஆனா உள்ள குந்திக்கினு கீறப்போ காத்து எந்தப் பக்கம்னு நான் எப்டி பாக்குறது, அதுக்குத்தான வெளிய நீங்க கீறீங்க.”

இப்போதெல்லாம் ஆள் உள்ளே இருக்கும்வரை மீட்டரும் கையுமாக டேங்க் வாயிலேயே நிற்கிறேன், கனவு வந்தால் அதையும் வெயிலில் நின்றபடியே கண்டுகொள்கிறேன்.