காக்கா தொடாத சோறு

அந்த விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். ராணுவத்தில் இருந்த என் சித்தப்பா காட்டுக்குள் ரோந்து போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மலேசியாவின் ஜெராமில் என்னோடு இருக்கும் சித்தி ஐம்பது வருடமாகப் பொட்டை அழிக்கவில்லை. உயிர்நீத்த வீரர்களுக்குப் பதக்கம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சித்தியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பதக்கம் வந்த அன்று மத்தியானம், அதைச் சித்தப்பா படத்தின் முன் வைத்து வாழையிலையில் படையல் போட்டேன். ஒரு பிடி சோற்றைச் சுவரில் வைத்துக் காக்காவைக் கூப்பிட்டேன். மீன் படகுகள் வரும் ஊர், காக்காவுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுக் கூரை முழுக்க உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை, இறங்கவும் இல்லை. எல்லாம் எங்கள் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் கழித்துச் சித்தி வந்து சோற்றை வழித்தெடுத்தார். முகத்தில் கோபமே இல்லை.

“உசுரோட இருக்கிறவருக்குப் படைச்சா காக்கா எப்படிப்பா எடுக்கும்? அந்தப் பதக்கத்த உள்ள வை. வந்து அவரே போட்டுக்கட்டும்.”

பதக்கம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சித்தியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் கேட் அசையும் சத்தம் கேட்டால், இப்போதெல்லாம் சித்திக்கு முன்னால் நான்தான் எட்டிப் பார்க்கிறேன்.