சிவப்பு அரளி

எங்கள் நூம்பல் ஏரிக்கரையை ஒட்டி அம்மன் காடு ஒன்று இருந்தது. இருந்தது என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. இலுப்பையும் நாவலும் வேம்பும் பின்னிக்கொண்டு, சித்திரை வெயில்கூட உள்ளே எட்டிப் பார்க்காது. கத்தியோ அரிவாளோ அதற்குள் கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. தானாக விழுந்த சுள்ளியைத்தான் பொறுக்கலாம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; காட்டுக்கும் கோயிலுக்கும் அவர்தான் பொறுப்பு. பழத்துக்கு ஆசைப்பட்டு நாவல் கிளையை ஒடித்துவிட்டு அவரிடம் நான் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து லாரியும் பஸ்ஸும் கரியை எரித்து ஓடின. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும் கரிக்கு ஏகக் கிராக்கி. காட்டை வெட்டித் தருவதாக என் தாய்மாமன் பூந்தமல்லிக் கரி வியாபாரி ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. வாய்ச் சாமர்த்தியத்திலேயே காலம் தள்ளியவர். வரும்போதெல்லாம் கமர்கட் வாங்கி வருவதால் எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். கோயிலுக்கு மண்டபம் கட்டலாம் என்று சொல்லி ஊரில் பாதிப் பேரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

நைனா ஒரே பேச்சில் முடியாது என்றார். மாமாவா விடுகிற ஆள்?

"நீ இன்னாத்துக்கு மாமா வேணான்ற? காடு அவளுது. பூ கட்டிப் போட்டு அவளையே கேட்டுக்கலாம்."

நைனா அதற்கு ஒத்துக்கொண்டார். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் எங்களூரில் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு அரளி. அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்; சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. பூப் பறித்துப் பொட்டலம் கட்டும் சிரமத்தை மாமாவே ஏற்றுக்கொண்டார். எடுக்க வேண்டியவள் நான்.

புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. ஊரே என் கையைப் பார்த்து நின்றது. அப்பப்பா, எனக்கு வந்த கர்வம்! ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். நைனாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஆத்தாளே சொல்லிட்டா, குறுக்க நிக்க நான் யாரு" என்றார். மறுநாள் காலையிலேயே வெட்டு என்று முடிவாயிற்று.

எடுக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. சந்தோஷத்தில் மாமா அதை மறந்துவிட்டார். சிவப்பு அரளியை என் மரப்பாச்சிக்குச் சூட்டலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்தால், அதிலும் வெள்ளை!

"யம்மா, இதுலயும் வெள்ளதான் கீது! ஆத்தா ரெண்டு வாட்டி சரின்னுட்டா!"

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். பூவைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"நைனாகிட்ட மூச்சு வுட்டே, தோல உரிச்சிடுவேன்."

வாசலில் நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா கதவுவரை போனாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து அடுப்பின்முன் உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்ததும் கோடாலிச் சத்தம் கேட்டது. ஏரிக்கரையெங்கும் கரிமூட்டப் புகை. அடுத்த மழைக்கே கரைமண் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. மண்டபம் மட்டும் வரவில்லை. அம்மன் சொன்னதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நைனா சாகும்வரை நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மன் ஒருமுறைக்கு இருமுறை சம்மதம் சொல்லியிருக்கிறாள். அதற்கு யாராவது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார்களா? பச்சைப் பூ எரிந்த புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஊதுகுழலை எடுத்து, பூ முழுக்கக் கருகும்வரை நானே அடுப்பை ஊதினேன்.