காலிலிருந்து கழற்றிய திருகு

கண்ணில் படும் பொருளைப் புரட்டிப் பார்க்காமல் உத்தமனால் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட சாம்பார் வாளிக்குக் கைப்பிடி எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக் கேள்வி கேட்பார். பரிமாறுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். "சும்னே கேட்டேன்" என்று, சும்மா என்பதைக் கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்து வைப்பார். இந்தக் குணத்துக்கு அவர் மனைவி சங்கமித்ரா வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

கோலார் தங்கவயலில் பிறந்து ஐ.டி.ஐ. முடித்து, பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லில் குடியேறியவர். ஜிகணியில் ஒரு ஷெட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பெட்ரோல் பைக் எஞ்சினுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலை. ரோட்டில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகப் பெருக ஆர்டர் வற்றிக்கொண்டே வந்தது. அப்படிச் சத்தமே இல்லாமல் வந்த ஒரு ஸ்கூட்டர்தான் போன வருஷம் சந்தாபுரத்தில் அவரைத் தள்ளிவிட்டுக் கணுக்காலையும் உடைத்தது. வயிற்றில் அடித்தது போதாதென்று காலிலும் அடித்தாயா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி திட்டினார்.

அவர் நடமாடத் தொடங்கிய நேரத்தில் மச்சான் ஜெயவேலு ஒரு யோசனையோடு வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது, மெஷின்களை விற்றுவிட்டு ஷெட்டை இடித்து, அங்கே வேலை பார்க்கிற பசங்கள் தங்க பி.ஜி. ஹாஸ்டல் கட்டலாம் என்றான். புரோக்கர் வந்து இடத்தை அளந்தும் போய்விட்டான். தீபாவளிக்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னாள் சங்கமித்ரா. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து கூட இருக்கும் பால்ராஜ், வேறு இடத்தில் வேலை தேடட்டுமா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அன்றைக்கு உத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தவிப்பில் இருக்கும்போதுதான் உடைந்த எலும்பைச் சேர்க்கக் காலில் வைத்த தகட்டையும் திருகையும் எடுக்கும் நாள் வந்தது. மயக்கம் தெளிந்ததும் வலிக்கிறதா என்று கேட்ட டாக்டர் சேஷகிரியிடம், "சார், அந்த ஸ்க்ரூவக் குடுப்பீங்களா?" என்றார் உத்தமன். டாக்டர் சிரித்துக்கொண்டே, கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். டைட்டேனியம். அகலமான, ஆழமான மரை. எலும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டுமே, அதற்காக இருக்கும். இத்தனை நாள் தன் காலுக்குள்ளேயே இருந்ததை எவனோ ஒருத்தன் ஒரு லேத்தில் கடைந்திருக்கிறான். அப்படியென்றால் நம்மால் ஏன் முடியாது? மறுநாளே பால்ராஜும் அவரும் டைட்டேனியக் கம்பி வாங்கி மெஷினில் மாட்டினார்கள். சீவி விழுந்த முதல் சுருள் குப்பென்று தீப்பிடித்தது. வேகத்தைக் குறைத்தார்கள், வெட்டுளியை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் அச்சு அசலாக அதே திருகு கையில் இருந்தது. இரண்டு பேரும் குழந்தைகளாகிப் போனார்கள்.

பொம்மசந்திராவில் எலும்புத் தகடும் திருகும் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி சுப்ரியா. பழைய பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஆர்டர் கேட்டு அங்கே போன உத்தமன், அவள் மேஜைமேல் பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தார். எண்ணெய் வழிந்து அவள் காகிதங்களையெல்லாம் நனைத்தது. துருப்பிடிக்காமல் இருக்க எஞ்சின் பாகங்களை எண்ணெயில் முக்கித்தான் அனுப்புவது வழக்கம். டைட்டேனியம் துருவே பிடிக்காது என்பது பாவம் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

சுப்ரியா சிரிக்கவில்லை. திருகைத் துடைத்து அளந்து பார்த்தாள். "அளவு கரெக்டா இருக்கு சார். ஆனா உடம்புக்குள்ள வைக்க முடியாது," என்றாள். "இரும்பு வெட்டுன மெஷின்லயே இதையும் வெட்டியிருக்கீங்க. பார்வைக்குத் தெரியாத இரும்புத்தூள் இதுல ஒட்டியிருக்கும்."

உத்தமனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கேள்வி அடங்குமா? ஒட்டினால் என்ன ஆகும், எப்படிக் கழுவுவது, கழுவியது போதுமென்று எப்படித் தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் அவள்தான், அரசுப் பயிற்சி மையத்தில் இதற்கென்றே சாயங்கால வகுப்பு நடக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

போனார். மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சுத்தம், கிருமி, சோதனை எல்லாம் படித்தார். பால்ராஜையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு மெஷினைத் தனி அறைக்கு மாற்றி, அதில் டைட்டேனியம் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். தீபாவளிக்குப் பிறகும் கொஞ்சம் நாள் கொடு என்று சங்கமித்ராவிடம் கெஞ்சினார். அவள் முறைத்தாள். பிறகு அண்ணன் ஜெயவேலுவுக்கு போன் போட்டு, "கொஞ்ச நாள் வுடுண்ணா. இவருக்கு ஹாஸ்டல் வெச்சிக் குடுத்தா, தங்க வர்ற பசங்களக் கேள்வி கேட்டே தொரத்திடுவாரு," என்றாள்.

பொங்கல் முடிந்து, மாதிரிக்குக் கடைந்த திருகுகள் சுப்ரியாவின் சோதனையில் தேறின. அதற்குப் பிறகும் சோதனை, மறுசோதனை என்று மாதங்கள் ஓடி, ஒருவழியாக முதல் ஆர்டர் போனது. புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டு பால்ராஜ் பட்டறை வாசலில் கற்பூரம் ஏற்றினார்.

உத்தமனுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அதை சுப்ரியாவிடம் கேட்டார். "நம்ம ஸ்க்ரூ யார் கால்ல இருக்குன்னு தெரிஞ்சுக்க முடியுமா மேடம்? சும்னே கேட்டேன்."

"அது மட்டும் வேண்டாம் சார்," என்றாள் சுப்ரியா. "ஏதாவது தப்பாப் போனாத்தான் அது யாரு காலுன்னு நம்மகிட்டத் தகவல் வரும்."

அன்றைக்கு ஆனேக்கல் பஸ்ஸில் நல்ல கூட்டம். சந்தாபுரத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெண் ஏறினாள். கணுக்காலில் புதுக் கட்டு. எந்த ஆஸ்பத்திரி, என்ன தகடு, எத்தனை திருகு? உத்தமனுக்குக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார்.

"உக்காரும்மா," என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.