உங்கள் அளவுக்குச் செய்து தரப்படும்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் வராது. கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி துவைக்கிற கல்லில் வந்து உட்காருவார் என் மதினி நாகவல்லி. போனைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு வரும். அன்றைய டேக் வேலை தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

என் அண்ணன் சொக்கலிங்கம் தச்சு வேலை செய்கிறவர். சுவரில் மாட்டவும் மேசையில் வைக்கவும் தோதான சின்னப் பூஜை மண்டபங்கள் செய்கிறார். தேக்கில் நாலு தூண், மேலே கோபுரம் மாதிரி ஒரு தலைப்பு, கீழே எண்ணெயும் தீப்பெட்டியும் வைக்க ஓர் இழுப்பறை. கைவேலைப் பொருள்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அவற்றைப் போட்டு விற்பது மதினி. அந்தக் கடையைப் பதிவு செய்து திறந்து கொடுத்தது நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழாப் படம் சாமி படங்களின் வரிசையில் மாட்டியிருக்கிறது, அதைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் கடையைத் திறப்பது ஒரு நாள் வேலை. அதில் ஆள் வந்து போகும்படி வைத்திருப்பதுதான் அன்றாட வேலை. நான் காலையில் வேலைக்குக் காரைக்குடி பஸ் ஏறிவிடுவேன். அன்றாட வேலை முழுவதும் மதினி தலையில்.

டேக் என்பது பொருளின் படத்தோடு நாம் கொடுக்கிற தேடுசொல். வாங்க வருகிறவர் தேடும் பெட்டியில் எதைத் தட்டுகிறாரோ அது நம் டேக்கில் இருந்தால்தான் நம் பொருள் அவர் கண்ணில் படும். இல்லையென்றால் எவ்வளவு நேர்த்தியாக இழைத்திருந்தாலும் கிணற்றுக்குள் போட்ட மாதிரிதான். நினைத்தபடி அள்ளிப்போடவும் முடியாது. ஒரு பொருளுக்கு இத்தனைதான் என்று சந்தை வரம்பு வைத்திருக்கிறது.

முதன்முதலில் மதினி போட்டவை தேக்கு, கைவேலை, ஆசாரி வேலை, பள்ளத்தூர். ஒரு மாதம் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

"பள்ளத்தூர்னு ஏன் மதினி போட்டீக? இங்குட்டு இருக்கிறவன் நேரா அண்ணன்கிட்டயே வந்துருவானே" என்றேன்.

"ஊரு பேரு போடாம எப்படி தம்பி? கல்யாணப் பத்திரிகைன்னா ஊரு போடமாட்டமா?"

"இது பத்திரிகை இல்ல மதினி."

"அது இப்பத்தான் தெரியுது. பத்திரிகைன்னா நாலு பேராவது வந்திருப்பாக."

அதற்குப் பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாங்குகிறவரைப் போலத் தேடும் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியைச் சந்தையே நிரப்பிக் காட்டும். பலரும் தேடுவது எதுவோ அதுதான் மேலே நிற்கும். "பூஜா" என்று தட்டுவார். கீழே பூஜா மந்திர் ஃபார் ஃபிளாட், வால் மவுண்ட், ஹவுஸ்வார்மிங் கிஃப்ட் என்று வரிசையாக விழும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகள் பூஜா, தோளில் பையோடு எட்டிப் பார்த்து, "எம் பேரைப் போட்டு என்னத்தம்மா தேடுற?" என்பாள்.

"சொன்ன பேச்சுக் கேக்கிற பூஜா ஒண்ணு கிடைக்குமான்னு பாக்குறேன். போயி கைகால் கழுவு."

விசேஷம் மாறினால் டேக்கையும் மாற்றவேண்டும். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, ஐப்பசியில் தீபாவளிப் பரிசு, தை பிறந்துவிட்டால் புதுமனை புகுவிழா. எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழையதை அழித்து, புதியதைப் போட்டு, சேமித்து, சிக்னல் போய், மறுபடியும் முதலிலிருந்து. நேற்றுவரை ஆள் கூட்டிவந்த டேக் இன்று செத்துக் கிடக்கும். ஏன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

"ஒங்க அண்ணன் இழைச்சா சுருளாவது விழுது. பெருக்கி அள்ளலாம். நான் பாக்குற வேலையில என்ன விழுதுன்னே தெரியல தம்பி" என்று ஒருநாள் சொன்னார்.

கடை எழுந்து நின்றது "கஸ்டம் சைஸ்" என்ற டேக்கைச் சேர்த்த பிறகுதான். ஃபிளாட் வீடுகளில் சாமிக்குக் கிடைப்பது ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அகலம். மதினி பொருள் விவரத்தில் "உங்கள் அளவுக்குச் செய்து தரப்படும்" என்று ஒரு வரியும் சேர்த்தார். முதல் பக்கத்திலேயே எங்கள் மண்டபம் வர ஆரம்பித்தது. கட்டடம் கட்டடமாக வெயிலில் அலைந்து கதவு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தே நாள் முழுக்க வேலை பார்த்தார். குடும்பமே அந்த ஒரு டேக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா மதினியைப் போனில் கூப்பிட்டார். சமையலறைச் சுவரில் இருக்கும் மாடத்துக்கு என்று அளவு கொடுத்து மண்டபம் வாங்கியவர்.

"நான் குடுத்த அளவு என்ன, நீங்க அனுப்பியிருக்கிறது என்ன? மாடத்துக்குள்ள போகவே மாட்டேங்குதே."

"மழைக்காத்துல மரம் லேசா ஊதியிருக்கும்மா..."

"அரை இன்ச்சா ஊதும்? டேப் வச்சுப் படம் எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க. உங்க மண்டபத்துக்காக என் சுவத்தை இடிக்கணுமா?"

படத்தில் சரியாக அரை அங்குலம் கூடுதலாக இருந்தது. மண்டபம் திரும்பி வந்தது. அந்த அம்மா ஒற்றை நட்சத்திரம் போட்டார். பின்னாலேயே சந்தையிலிருந்து ஓர் அறிவிப்பு. சொன்ன அளவில் பொருள் இல்லை என்று இன்னொரு புகார் வந்தால் கடை நிறுத்திவைக்கப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்து மதினிக்குச் சொன்னேன். "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். அடுத்த கஸ்டம் சைஸ் ஆர்டர், கோயம்புத்தூருக்குப் போகவேண்டியது, ஏற்கெனவே வந்து நின்றது.

மதினி கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னங்க, டேப்பு எதும் பழுதாப்போச்சா?"

"டேப்புக்கு என்ன?"

"பெங்களூருக்குப் போனது அரை அங்குலம் கூட இருக்காம்."

"ஆமா. நாலு நூல் கூட்டினேன்" என்றார் அண்ணன், இழைப்பதை நிறுத்தாமல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் நூல் என்பார்கள்.

"தெரிஞ்சேவா கூட்டினீக?"

"அந்தம்மா சொன்னது ஆகாத அளவு. சாமி உக்காருற எடம். அந்த அளவுல போயி உளி வைக்கச் சொல்றியா?"

எங்கள் பக்கம் வாசல்நிலையோ கட்டிலோ சாமி மண்டபமோ, ஆகிவருகிற அளவு, ஆகாத அளவு என்று ஆசாரிமார் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சொன்ன அளவு ஆகாததென்றால் சில நூல் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நல்ல காரியம் என்று வந்தவரிடம் "நீங்கள் சொன்னது ஆகாது" என்பதே நல்லதில்லை. உள்ளூர்க்காரர்களும் கேட்பதில்லை, அக்கம்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அளவே சொல்வார்கள். பெங்களூர்க்காரர் நூல் பிசகாமல் அளந்து கொடுத்துவிட்டு, அப்படியே வரும் என்று நம்பியிருக்கிறார். அண்ணன் எப்போதும் செய்வதைச் செய்திருக்கிறார். இதற்கு முன்னால் போன மண்டபங்களிலும் அதைத்தான் செய்திருப்பார். வாங்கியவர்கள் மேசைமேல் வைத்துக் கும்பிட்டார்களே தவிர டேப் எடுத்து அளக்கவில்லை.

"கூட்டினதுதான் கூட்டினீக, எங்கிட்டயாவது சொல்லப்படாதா?"

"அதெல்லாம் வாயில சொல்ற விசயமா?"

"அப்பறம் எதுக்கு ஊரெல்லாம் அளவு குடுங்க, அளவு குடுங்கன்னு கேக்கிறோம்?"

"நானா கேட்டேன்? ஓம் போனுதான் கேட்டுச்சு."

"அந்தப் போனு கேட்டதுனாலதான் நீங்க நெழல்ல உக்காந்து வேலை பாக்குறீக."

அண்ணன் இழைப்புளியைக் கீழே வைத்தார். "சாமிக்கு ஆகாததை நான் செய்யமாட்டேன், நாகு. கடையை மூடுனா மூடிட்டுப் போறாங்க."

"மூடட்டும். நீங்க துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுக் கதவு மாட்டக் கெளம்பிருவீக. இத்தன நாளா அந்தக் கல்லுல உக்காந்து கண்ணு பூத்தது நானு."

அன்று சாப்பாட்டின்போது பூஜா மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "கஸ்டம் சைஸை எடுத்துட்டு வாஸ்து சைஸ்னு போடுங்க மதினி. அளவை நாமளே சொல்லிறலாம். எவனும் கேள்வி கேக்கமாட்டான்." படித்தவன் மூளை என்று அண்ணன்கூடத் தலையாட்டினார். போட்டோம். ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொரு வாஸ்துவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருடைய ஜோசியர் உயரம் இவ்வளவுதான் இருக்கலாம் என்றிருந்தார். இன்னொருவருக்கு இழுப்பறை வடக்கே பார்த்துத் திறக்கவேண்டும். ஓர் அம்மா தூணே கூடாது என்று குரல் பதிவு அனுப்பினார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப கோபுரத்தை எதுல நிப்பாட்டுறது? அவுக சோசியர் வந்து தாங்கிப் பிடிப்பாராமா?" என்றார்.

மதினி அந்த டேக்கை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டார். "ஒரு வாஸ்துவோட குடும்பம் நடத்துறதே எனக்குப் போதும் தம்பி."

கோயம்புத்தூர் ஆர்டரை அனுப்பவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அளவைப் பற்றி அண்ணனும் வாய் திறக்கவில்லை, மதினியும் கேட்கவில்லை. ஒரு மதியம் கிணற்றடிக்குப் போன மதினி, துவைக்கிற கல்மேல் ஒரு குச்சி கிடப்பதைப் பார்த்தார். விரல் கனத்தில் சீவிய தேக்குக் குச்சி, இரண்டு நுனியும் வாளால் சுத்தமாக அறுத்தது. பூஜா விளையாடிவிட்டுப் போட்டதாக நினைத்து எறியப்போனாராம். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து அளந்தார். கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த அகலத்தைவிட மூன்று நூல் குறைவாக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே. குச்சி சொன்னால் தப்பில்லை.

"இப்பிடியும் சொல்லலாமாக்கும்!" என்றார் கொட்டகைப் பக்கம் கேட்கிற மாதிரி. இழைப்புளிச் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

குறைவுதான் என்பதால் இடத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் சொன்ன அளவு இல்லை என்று அவர் எழுதிவிட்டால் அத்தோடு கடை முடிந்தது. மதினி குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

"ஒங்க மண்டபத்துல ஒரு மூணு நூல் குறையுங்க. செய்யலாமான்னு கேக்கத்தான் போட்டேன்."

"மூணு நூல்னா எவ்வளவுங்க?"

"சுண்டுவெரல் கனங்கூட வராதுங்க."

"செரி, எதுக்குங்க குறைக்கோணும்?"

அண்ணன் காரணத்தைக் குச்சியில் எழுதி வைக்கவில்லை. ஆகாத அளவு என்று மதினியும் சொல்லமுடியாது, அவரோ புதுவீட்டுக்குக் குடிபோகிறவர். கிணற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மரத்தோட வாகு அப்பிடி அமைஞ்சிருக்குங்க. இழுத்துப்பிடிச்சு வச்சா பின்னாடி விரியும்" என்றார்.

"ஏனுங்க, நான் ஷெல்ஃப் மேலதான் வெக்கப்போறேன். அதுக்குப் போயி போன் போட்டுக் கேக்கறீங்களே. செஞ்சு அனுப்புங்க."

"அதையே மெசேஜ்ல ஒரு வரி போட்டுருங்க. மறந்துறாதீக" என்று கேட்டு வாங்கிய பிறகுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

மண்டபம் போய்ச் சேர்ந்தது. ஐந்து நட்சத்திரம் வந்தது. கூடவே ஒரு வரி: கேட்ட அளவு, அச்சு அசல். மதினி அதை அண்ணனிடம் படித்துக் காட்டினார்.

"பின்ன?" என்றார் அண்ணன்.

மதினி உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கடை நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மதினிக்கு ஒரு வேலை கூடிவிட்டது. ஆர்டர் வந்தால் கல்மேல் குச்சி வரும். குச்சி வந்தால் போன் போடவேண்டும். போன் போட்டால் அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். தூண் கனம் என்பார். இழுப்பறை இழுக்க இடம் என்பார். மெருகு பூசினால் சேர்ந்துகொள்ளும் என்பார். சிலர் சரி என்பார்கள். சிலர் நாங்கள் கேட்டது அது இல்லையே என்று ஆர்டரை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் மதினி டீ போடமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

"அந்த டேக்கையே எடுத்துருங்களேன் மதினி. இம்புட்டுப் பாடு எதுக்கு?" என்றேன்.

"எடுத்தா மறுபடியும் ஊருபேரு போட்ட கதைதான் தம்பி. ஒருத்தரும் வரமாட்டாக."

முடிந்துபோன குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுச் சமையல்கட்டு சன்னலில் வைத்திருக்கிறார். எறிய மனமில்லை. எதற்கும் உதவாத நீளம் என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் சலித்துக்கொள்வார்.

நேற்று சாயங்காலம் நான் காரைக்குடியிலிருந்து வந்தபோது மதினி இன்னும் கல்லில்தான் இருந்தார். மடியில் புதுக் குச்சி, காதில் போன், பக்கத்தில் காயப்போடாத துணி வாளியோடு. அந்தப் பக்கத்தில் இருந்தவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மதினி என்னை நிமிர்ந்து பார்த்து, ஏதாவது சொல் என்கிற மாதிரி கையை விரித்தார். நானும் கையை விரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லீங்க, ரெண்டே ரெண்டு நூல்தான் குறையும்" என்றார். "ஒங்க சுவத்துக்கும் கொஞ்சம் காத்து வேணும்ல?"