மதினியின் வலது கை

பேனா அளவுள்ள ஒரு கோலின் முனையில் குளிர்ந்த பசையைத் தடவி, மதினியின் வலது மணிக்கட்டில் வைத்தார் மருத்துவர். அதன் ஒயர் போய்ச் சேர்ந்த சின்னப் பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது. இடது மணிக்கட்டில் வைத்தார். உஷ், உஷ் என்று சீராகக் கேட்டது. மறுபடி வலது கை. இரைச்சல்.

மதினி என் அண்ணன் மனைவி; நான் அவருக்கு நாத்தனார். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவர் வேலை பார்த்த அறையில் மருந்து பற்றிக்கொண்டது. அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். சிவகாசி அச்சகத்திலிருந்து நான்தான் விருதுநகர் மருத்துவமனைக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்கிறார்கள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அழுகை வரவில்லை.

மருத்துவர் விளக்கினார். "இது உள்ள அனுப்புற சத்தம் நம்ம காதுக்குக் கேட்காது. ஓடுற ரத்தத்துல பட்டுத் திரும்பும்போது அதோட அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தைத்தான் பெட்டி நமக்குச் சத்தமாக் கொடுக்குது. வேகமா ஓடுனா சத்தம் கூர்மையாகும். ஓட்டமே இல்லேன்னா வெறும் இரைச்சல்தான்." வெந்த தோல் விறைத்துப்போய், உள்ளே வீங்கும் கையை இறுக்குகிறதாம். தோலை நீளவாக்கில் கீறி விடாவிட்டால் கை போய்விடும் என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மதினி சொன்னார்: "அறுங்கய்யா. தொட்டாக்கூட எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

கீறிய பிறகு கோலை வைத்தார்கள். முதலில் அதே இரைச்சல். பிறகு மெல்லிய ஒரு சீறல், அடுத்தது, அடுத்தது. நர்ஸ் சிரித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என் ரத்தமா? ஓடைத் தண்ணி மாதிரில்ல கேக்கு" என்றார் மதினி. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

அண்ணன் எங்கிருந்தோ போனில் கேட்டான்: "பேசுதாளா?"

"பேசுதாக" என்றேன். அவன்தான் அழுதான்.

கை தப்பியது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். விரல்கள் பாதிதான் மடங்கின. உணர்வு திரும்பவேயில்லை. அடுப்படியில் சட்டி சுட்டால், வாடை வந்த பிறகுதான் கையை எடுப்பார்.

போன வருடம் அவர் மகள் கல்யாணம். மணமேடை ஓரத்தில் அவர் பக்கத்தில் நின்று வலது கையைப் பிடித்துக்கொண்டேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. தாலி கட்டி முடிந்தும் விடவில்லை. இடது கையால் அட்சதை போட்டுவிட்டுத் தற்செயலாகக் குனிந்தவர், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப தாயி பிடிச்ச?" என்றார்.