பாட்டிலில் உருகிப்போன கற்கள்

நான் சொல்லும் இரண்டாவது சாட்சி இது. சபையில் நின்று சொன்ன முதல் சாட்சி பொய். அதைக் கேட்டு நீங்கள் கை தட்டினீர்கள், சிலர் கண்ணீர் விட்டீர்கள். அந்தக் கை தட்டலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தறியில் இருந்து வருகிற வலைத்துணியை வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்குவது என் வேலை. அந்தத் துணி எதைத் துடைக்கப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை. கத்தி என்றாலே எனக்குப் பயம். என் சின்னம்மா ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், துணி சுற்றித்தான் வெளியே வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பால்கோவா வந்தது. இலையோடு வழித்துத் தின்றேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. பிள்ளை பெற்ற வலி இதற்குமுன் ஒன்றுமே இல்லை. தோள்பட்டை வரைக்கும் ஏறியது. தரையில் உருண்டேன். என் வீட்டுக்காரர் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார். பித்தப்பையில் கல். ஒன்றிரண்டு இல்லை, நிறைய. பையோடு எடுத்துவிடுவது நல்லது, தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். நான் அவரைத் திட்டினேன். பெண்டாட்டியை அறுத்துப் பார்க்க அம்புட்டு ஆசையா என்று கேட்டேன். மனுஷன் பாவம், ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

கத்தி படாமல் சுகம் தாரும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம்பழச் சாற்றைக் கலந்து குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் வாங்கினேன். அதை வீட்டு ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், எதற்கு என்று சொல்லாமல், எல்லாரையும் கை வைத்து ஜெபிக்கச் சொன்னேன். பிறகு வீட்டில் அதை ஒரு டம்ளர் குடித்தேன். மறுநாள் காலையில் வயிறு கழிந்தபோது பச்சைப் பச்சையாக உருண்டைகள் வந்தன. சுண்டைக்காய் அளவு. அருவருப்புப் பார்க்காமல் அலசி எடுத்து, காலியான ஜாம் பாட்டிலில் போட்டு மூடினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துத்தான் உங்கள் முன்னால் நின்றேன். டாக்டருக்குத் தெரியாதது என் ஆண்டவருக்குத் தெரியும் என்று முழங்கினேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா அம்மா என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கே விசுவாசம் குறைவு என்று அன்று நினைத்தேன். நாளைக்குப் போகிறேன் என்றேன். போகவில்லை.

அன்று முன்வரிசையில் ஜெபமணி அக்கா இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு மாடு வைத்து, பால்கோவா போடுகிறவர்களுக்குப் பால் ஊற்றுகிறவர்கள். அவர்களுக்கும் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவர்கள் பாட்டிலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"ஏட்டி, நெசமாவே கத்தி வேண்டாமா?" என்று கேட்டார்கள்.

"எதுக்குக்கா கத்தி? எனக்குச் செஞ்சவரு ஒங்களுக்குச் செய்ய மாட்டாரா?" என்றேன்.

இந்த வாய்தான் சொன்னது. மறுவாரம் அக்கா ஆபரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி எண்ணெய் குடித்தார்கள்.

பங்குனி வெயில் ஏறியது. பாட்டிலை ஜன்னலோரம் வைத்திருந்தேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்து பார்த்தால் உருண்டைகளைக் காணோம். அடியில் பச்சையாக எண்ணெய் நின்றது. திறந்து முகர்ந்தேன். எலுமிச்சம்பழ வாடை. கல் வெயிலில் உருகுமா? குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்புக் கட்டி மாதிரி திரண்டு வெளியே வந்திருக்கிறது. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வலி திரும்ப வந்தது. வராமல் என்ன செய்யும், கல் இருந்த இடத்திலேயே இருக்கிறதே. கம்பெனியில் மடித்த துணிக் கட்டுகளுக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால் வாய்வு என்பேன். சாட்சி சொன்னவள் மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? ஆண்டவரே, என்னை வெட்கப்படுத்தாதேயும் என்று தினமும் அழுதேன். அந்த நாட்களில் என் ஜெபம் முழுவதும் அவ்வளவுதான். என் மானத்துக்கு அவரைக் காவல் வைத்தேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை ஜெபமணி அக்காவின் மகள் செல்வி போன் செய்தாள். அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள் என்றாள்.

"சித்தி, ஒங்களுக்குக் கல்லு போம்போது இப்படித்தான் மஞ்சளாச்சா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஆமாட்டி, கரையும்போது அப்படித்தான் இருக்கும். பயப்படாத, ஜெபம் பண்ணு."

இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. மஞ்சளாகவும் இல்லை, கரையவும் இல்லை. என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக ஒரு மகளைத் தாயின் பக்கத்தில் சும்மா உட்கார வைத்தேன்.

சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியைப் பார்க்கப் பார்க்க அக்காவின் கண்தான் தெரிந்தது. அங்கேயே தரையில் முழங்காலிட்டேன். கூட வேலை பார்ப்பவர்கள் மயக்கம் என்று ஓடி வந்தார்கள். "என்னை எம்புட்டு வேணாலும் வெட்கப்படுத்தும். அவளை மட்டும் விட்டுரும்" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

நம்புங்கள், இரண்டையும் கேட்டபடியே செய்தார்.

வேலையைப் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் வலி பிடித்தது. கம்பியைப் பிடித்தபடி போனேன். வீட்டில் அக்கா பாயில் கிடந்தார்கள். போர்வைக்குள் உடம்பு தூக்கிப் போட்டது. செல்வி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: எனக்குக் கல் போகவில்லை, பாட்டிலில் இருந்தது எண்ணெய், போனில் சொன்னதும் பொய், இப்போதே வண்டி பிடியுங்கள். செல்வி எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். வாங்கிக்கொண்டேன். பிறகு நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அக்காவைத் தூக்கிக் காரில் ஏற்றினோம்.

கல் இறங்கிப் பித்தக் குழாயை அடைத்துவிட்டது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் கையை விரித்திருப்பார்களாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். பதினோரு நாள் அக்கா தீவிர சிகிச்சையில் கிடந்தார்கள். உயிர் போய் உயிர் வந்தது. பிறகு பையையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவர்கள் வீட்டுக் கறவை மாடு இரண்டையும் அதற்குள் விற்றுவிட்டார்கள்.

அதே மாதம் என்னையும் மேசையில் படுக்க வைத்தார்கள். சின்னத் துளை போட்டு எடுத்திருக்க வேண்டியது. நாள் கடத்தியதால் பை அழுகி ஒட்டிக்கொண்டது, வயிற்றையே கீற வேண்டியதாயிற்று. என் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. கண் விழித்துக் குனிந்து பார்த்தேன். காயத்தின்மேல் நான் தினம் மடிக்கிற அதே வலைத்துணி. இத்தனை வருடம் பயந்து பயந்து மடித்த துணி என்னை மூடிக்கொண்டிருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். அழுதால் தையல் வலிக்கும் என்று நர்ஸம்மா அதட்டினார்கள்.

என் கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தந்தார்கள். அதைத்தான் போன மாதம் ஆராதனையில் உங்களிடம் காட்டி, முதல் சாட்சி பொய், பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன் என்று சுருக்கமாகச் சொன்னேன். இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. அக்கா அன்றும் முன்வரிசையில்தான் இருந்தார்கள், பாதி உடம்பாக. டப்பாவை வாங்கிக் காதருகில் வைத்து ஆட்டினார்கள். கலகலவென்று சத்தம் கேட்டது.

"வலிக்கும்போது ஒன்ன நெனச்சுக்கிட்டேன்டி. எஸ்தருக்குச் செஞ்சவரு எனக்கு ஏன் செய்யலன்னு அவர்ட்ட அழுதேன். பதில் ஒங்கிட்ட இருந்துச்சு, நீ சாக்கடையில ஊத்திட்ட" என்றார்கள்.

டப்பாவை என் கையில் தரவில்லை. பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிரியமானவர்களே, ஆண்டவர் கேட்கிறவர். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவரை நம்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே நம்புங்கள். கத்தி பிடிக்கிற கைக்காகவும் ஜெபியுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆபரேஷன் அறை வாசல் வரை நான் கூட வந்து நிற்கிறேன். இதுவரை மூன்று பேருக்கு நின்றிருக்கிறேன்.

நான் இன்று உயிரோடு இருக்கிறேன், அக்காவும் இருக்கிறார்கள். அதற்கு என் ஆயுசெல்லாம் ஸ்தோத்திரம். ஆனால் ஆராதனை முடிந்து எல்லாரும் கை கொடுக்கிற நேரத்தில் அக்கா எனக்கு மட்டும் கை கொடுப்பதில்லை. அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை என் கைக்கு வருகிற வரைக்கும் அதைப் பற்றி யாரிடமும் சாட்சி சொல்ல மாட்டேன்.