இரண்டாவது தாளில் போட்ட கையெழுத்து

ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து அரசு டாக்டரானதும் எனக்குக் கிடைத்த முதல் போஸ்டிங், வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரே ஒரு டாக்டர் பதவி உள்ள இடம். நான் ஏலக்காய் பறிக்கிறவர்களின் மகள், அந்த மலையிலேயே பிறந்தவள். அம்மாவின் காலில் கவாத்துக் கத்தி இறங்கியபோது இதே கட்டிடத்துக்குத்தான் தூக்கி வந்தோம். சுவரில் டாக்டர் பெயர் இருந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. ஜீப்பில் கம்பம் போய்ச் சேர்ந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பொறுப்பேற்ற அன்று கிளார்க் இரண்டு தாள்களை நீட்டினார்.

"ரெண்டுலயும் ஒரு ஒப்பு போட்டாப் போதும் மேடம். வர்ற டாக்டர்மாரெல்லாம் போடறதுதான்."

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்றாம் வாரம் உத்தரவு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் தாள் வேலையில் சேர்ந்ததற்கு. இரண்டாவது, என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு 'வொர்க்கிங் அரேஞ்ச்மென்ட்'டில் அனுப்பும்படி நானே கேட்கும் மனு. பதவி மலையில் இருக்கும், ஆள் டவுனில் இருப்பார். கிளார்க் கெட்டவர் இல்லை. எல்லா டாக்டரும் கேட்டு வாங்கியதை எனக்குக் கேட்காமலே செய்து கொடுத்திருந்தார்.

சேதி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சர்க்கரை நோய்க்கு என்னிடம் வரும் ஒரு பெண் மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள்.

"நீங்களும் எறங்குறீகளாமே டாக்டரம்மா. மருந்துச் சீட்ட ஆறு மாசத்துக்கும் சேத்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

குரலில் துளிக் கோபம் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் வா என்றேன். அவள் நம்பவில்லை.

மாவட்ட அலுவலகத்துக்குப் போய் உத்தரவை ரத்து செய்யச் சொன்னேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எறக்கி விடுங்கன்னு கால்ல விழறாங்க. உங்களுக்கு என்ன, பிராந்தா?"

"ஆமாம் சார், பைத்தியம்தான்" என்றேன். உத்தரவு மாறாது, திங்கட்கிழமைக்குள் டவுனில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

திங்களும் போனது, செவ்வாயும் போனது. நான் மலையில்தான் ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அவரே போனில் வந்தார்.

"இன்னும் ஏன் ரிலீவ் ஆகல? அதுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது யாரு?"

"இங்க இருக்குற மெடிக்கல் ஆபீசர், சார்."

"அவர்கிட்ட போனக் குடுங்க."

"நான்தான் சார் அது. எனக்கு முன்னால இருந்தவங்க அவங்கள அவங்களே ரிலீவ் பண்ணிட்டு எறங்கிப் போனாங்க. நான் பண்ண மாட்டேன். மாத்து டாக்டர் வந்து சார்ஜ் எடுக்காம என்னை விட முடியாதுன்னு ஃபைல்ல எழுதிட்டேன்."



"மெமோ வரும்."

"அனுப்புங்க சார். மலைக்கே அனுப்புங்க. வாங்கிக்க இங்க டாக்டர் இருக்கேன்."